குப்பைத்தொட்டியின் கொக்கியும் கரடியின் ஆயுளும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரை ஊடறுத்து ஓடும் போ ஆற்றின் பள்ளத்தாக்கில், ஜூலை மாதப் பிற்பகுதியில் பஃபலோ பெர்ரி பழுக்கத் தொடங்குகிறது. நம் நாவுக்குக் கசக்கும் அந்தச் சின்னஞ்சிறு சிவப்புப் பழத்தை, கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடி ஒன்று ஒரே நாளில் இரண்டு லட்சம் வரை தின்னக்கூடும். நவம்பரில் மலைச்சரிவில் தோண்டிய வளைக்குள் புகுந்து, ஏறக்குறைய ஐந்து மாதம் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் கிடக்கப்போகிற விலங்கு அது. பெண் கரடியாக இருந்தால், அந்தப் பட்டினிக் காலத்தின் நடுவிலேயே அரைக் கிலோ எடைகொண்ட குட்டிகளை ஈன்று பாலூட்டவும் வேண்டும். ஆகவே ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நாளொன்றுக்கு 20 மணி நேரம் வரை அது தின்றுகொண்டே இருக்கிறது. இதே பள்ளத்தாக்கின் அடிவாரத்தில்தான் பான்ஃப், கேன்மோர் ஆகிய ஊர்களும், நாட்டின் குறுக்கே செல்லும் நெடுஞ்சாலையும், ரயில் பாதையும் இருக்கின்றன. ஆண்டுதோறும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பான்ஃப் தேசியப் பூங்காவுக்கு வந்து போகிறார்கள்.

மனிதர்களுக்கும் வனவிலங்குகளுக்கும் இடையிலான மோதல்களைத் தடுப்பது என் தொழில். கல்கரி நகரிலிருந்து வார இறுதியில் மலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கரடி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு விடை உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் கரடி அந்த இடத்துக்கு ஏன் வந்தது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதே நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. மனிதருக்குக் காயமோ கரடிக்குச் சாவோ நேர்ந்த சம்பவங்களைப் பின்னோக்கித் தேடிப் போனால், பல சமயம் ஒரு குப்பைப் பை, ஓர் ஆப்பிள் மரம், பறவைகளுக்குத் தொங்கவிட்ட தீனிப் பெட்டி அல்லது கோழிக்கூடு என்று ஏதாவது ஒன்றில்தான் போய் நிற்போம்.

இதை வட அமெரிக்கா மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் பல பத்தாண்டுகளாக விடுதிகளின் எச்சில் உணவைத் திறந்த குழிகளில் கொட்டினார்கள்; அதைத் தின்ன வரும் கரடிகளைப் பார்க்கப் பயணிகளுக்கு இருக்கைகள் போட்டிருந்த காலமும் உண்டு. 1967 ஆகஸ்டு மாதத்தில், மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில், ஒரே இரவில் இரு வெவ்வேறு இடங்களில் இரு வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இரண்டு கரடிகளுமே மனிதர்களின் மிச்ச உணவைத் தின்று பழகியவை. 1970-க்குள் எல்லோஸ்டோனின் குப்பைக் குழிகள் மூடப்பட்டன. குழிகளைச் சிறிது சிறிதாக மூட வேண்டும் என்று ஆய்வாளர்களான கிரெய்க்ஹெட் சகோதரர்கள் வலியுறுத்தியதைப் பூங்கா நிர்வாகம் ஏற்கவில்லை. பழகிய உணவு திடீரென்று நின்றுபோனதால் கரடிகள் முகாம்களையும் ஊர்களையும் தேடி வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. 1975-இல் அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில் கிரிஸ்லி அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டபோது அங்கே எஞ்சியிருந்தவை 700 முதல் 800 வரைதான். இன்று ஏறத்தாழ 2,000 இருக்கின்றன. ஆல்பர்ட்டாவில் 2006-இல் கிரிஸ்லி வேட்டை நிறுத்தப்பட்டது, 2010-இல் இங்கும் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பெண் கிரிஸ்லி முதல் குட்டியை ஈனவே ஐந்து முதல் எட்டு வயதாகிவிடும். ஈன்ற குட்டிகளை இரண்டு மூன்று ஆண்டுகள், சில நேரம் அதற்கும் மேலாக, கூடவே வைத்து வளர்க்கும். ஆகவே வளர்ந்த பெண் கரடி ஒன்றை இழந்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பான்ஃப் ஊருக்கும் ஒரு 1980 உண்டு. அந்த ஆண்டு ஊரை ஒட்டிய புதர்க்காட்டில் கரடித் தாக்குதலில் ஒருவர் இறந்தார், சிலர் படுகாயமடைந்தனர். உணவகங்களின் குப்பை கரடிகளை அங்கே இழுத்திருந்தது. கரடி திறக்க முடியாத தொட்டிகள் ஊர் முழுக்க வந்தது அதன் பிறகுதான். கேன்மோரில் 1990களின் பிற்பகுதியிலிருந்து வீட்டு வாசலில் குப்பை எடுக்கும் வழக்கமே கிடையாது. தெருமுனையில் உள்ள பொதுத் தொட்டிக்கு அவரவர் கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்தத் தொட்டியின் கைப்பிடிக்கு மேல் ஒரு தகரக் கூடு இருக்கும். கையைக் கீழிருந்து அதனுள் நுழைத்து, விரல்களால் உள்ளேயிருக்கும் நாக்கை அழுத்தினால்தான் மூடி திறக்கும். மனித விரல்கள் நுழையும் அந்த இடுக்கில் கிரிஸ்லியின் பாதம் நுழையாது. இத்தகைய கொள்கலன்களை அமெரிக்காவில் வெஸ்ட் எல்லோஸ்டோனில் உள்ள ஒரு மையத்தில், காட்டில் விட முடியாமல் போன கிரிஸ்லிகளிடமே கொடுத்துச் சோதிக்கிறார்கள். உள்ளே உணவு வைத்த பெட்டியைக் கரடிகள் கடித்தும் மிதித்தும் புரட்டியும் ஒரு மணி நேரம் முயன்ற பிறகும் அது திறக்காமல் இருந்தால்தான் தேறியதாகக் கருதப்படும்.

அவ்வளவு உறுதியான தொட்டியும் நீண்ட வார இறுதிகளில் தோற்றுப்போகிறது. தொட்டி நிரம்பியிருக்கும்; வாடகைக்குத் தங்கிய குடும்பம் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பையைத் தொட்டியின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடும். சில ஊர்களில் வீட்டுக்கு வீடு கொடுக்கும் சக்கரத் தொட்டிகளில் கொக்கி இருக்கும், ஆனால் மாட்டியிருக்காது. ஒருமுறை அந்தப் பையைக் கிழித்துத் தின்ற கரடி, அந்தத் தெருவை மறப்பதே இல்லை. மறுவாரமும், மறு ஆண்டும் வரும், தன் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரும். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்கில் உள்ள எண்ணெயைக் குடிக்கும் கரடி வேறு இனம்தான் என்றாலும், அங்கே இரவில் நடப்பதும் இதே பாடம்தான்.

செப்டம்பரில் ஊர் ஓரத்துப் பாதைகளில் கரடியின் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலைகளுள் ஒன்று. காட்டில் மேய்ந்த கரடியின் எச்சத்தில் பெர்ரியின் செந்நிறத் தோலும் சிறு விதைகளும் இருக்கும். வசந்த காலம் என்றால் புல்லும் வேரும் இருக்கும். ஊருக்குள் வந்துபோன கரடியின் எச்சத்தில் செரிக்காத ஆப்பிள் தோல், சூரியகாந்தி விதையின் கறுப்பு உமி, சில நேரம் அலுமினியத் தாளின் துண்டு கிடைக்கும். ஆப்பிள் தோலைக் கண்டால் சுற்றுவட்டாரத்தில் பழம் பறிக்காத மரம் எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போய்க் கதவைத் தட்டுவோம். கேன்மோரில் பழ மரத்தை வெட்டிவிட முன்வருபவர்களுக்கு நகராட்சி செலவில் ஒரு பங்கைத் தருகிறது. பறவைத் தீனிப் பெட்டியை ஏப்ரல் முதல் நவம்பர் வரை வெளியே தொங்கவிடக் கூடாது என்ற விதியும் உண்டு. தாத்தா வைத்த மரம் என்று கண் கலங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் நியாயமானதே. வெட்ட மனம் வராதவர்கள் பழுக்கும் முன்பே ஒரு காய் விடாமல் பறித்துவிட்டால் போதும்.

உணவுக்குப் பழகிய கரடியும், மனிதருக்குப் பழகிய கரடியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 148 என்ற எண்ணால் அறியப்பட்ட பெண் கிரிஸ்லி, பான்ஃப் ஊரைச் சுற்றி வளர்ந்த 64 என்ற கரடியின் மகள். அது குப்பை தின்று பழகியதில்லை, யாரையும் காயப்படுத்தியதும் இல்லை. ஆனால் சாலையும் நடைபாதையும் நிறைந்த பள்ளத்தாக்கில் வளர்ந்ததால் மனிதர்களைக் கண்டு விலகும் பழக்கம் அதனிடம் குறைந்திருந்தது. 2017 கோடையில் கேன்மோரின் அருகே, நாய்களுடன் நடந்தவர்களை அது பலமுறை பின்தொடர்ந்தது. விலங்குகளுக்கென்று ஒதுக்கிய வழித்தடங்களில் பொருத்திய கேமராக்களில் விலங்குகளைவிட மனிதர்களே பல மடங்கு அதிகமாகப் பதிவானார்கள், அவர்களுடைய நாய்கள் பலவும் கயிறின்றி ஓடின. ஜூலையில் 148-ஐப் பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடமேற்கே கொண்டுபோய் விட்டார்கள். செப்டம்பரில் அது மாகாண எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போனபோது, அன்று அங்கே சட்டம் அனுமதித்திருந்த வேட்டையில் சுடப்பட்டு இறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த மாகாணம் கிரிஸ்லி வேட்டையைத் தடை செய்தது. கரடியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கரடியின் கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன். உணவு எங்கே, ஆபத்து எங்கே என்று தெரியாத, ஏற்கெனவே வேறு கரடிகள் வாழ்கிற நிலத்தில் அது விடப்படுகிறது.

சேர்ந்து வாழ முடியும் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலி போட்டு, விலங்குகள் கடக்க 6 மேம்பாலங்களும் 38 கீழ்வழிகளும் அமைத்த பிறகு, வாகனங்களில் விலங்குகள் அடிபடுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ரயில் பாதையில் அந்த வெற்றி இன்னும் கிட்டவில்லை. பெட்டிகளிலிருந்து சிந்தும் தானியம் கரடிகளைத் தண்டவாளத்துக்கே இழுக்கிறது. மொன்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணைக்காரர்கள் தாமாகவே ஒன்றுகூடி, கன்று ஈனும் பருவத்தில் செத்த மாடுகளை உடனுக்குடன் அகற்றும் ஏற்பாட்டை 2003-இல் தொடங்கினார்கள். கன்றுகள் நிற்கும் இடங்களையும் தேன்பெட்டிகளையும் மின்வேலிக்குள் வைத்தார்கள். மோதல்கள் பெருமளவு குறைந்தன. இந்த மின்வேலியைத் தமிழ்நாட்டில் யானைகளையும் மனிதர்களையும் கொல்லும் கள்ள மின்வேலியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டு மின்சாரம் இதில் நேரடியாகப் பாய்வதில்லை. அதற்கென உள்ள கருவி நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும், உயர் அழுத்தத்தில் மிகச் சிறிய அளவு மின்சாரத்தை அனுப்புகிறது. ஈர மூக்கால் தொட்ட கரடிக்குச் சுருக்கென்று வலிக்கும், உயிர் போகாது. வீட்டில் ஐந்தாறு கோழி வளர்ப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

இனி, நேரில் சந்தித்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். கிரிஸ்லிக்குத் தோளில் திமில்போன்ற மேடு இருக்கும், முகம் நடுவில் குழிந்திருக்கும், நகங்கள் நீண்டிருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். இங்கே வாழும் இன்னோர் இனமான கருங்கரடிகளிலும் பழுப்பு நிறத்தவை உண்டு. 100 மீட்டருக்குள் நெருங்கவே கூடாது. பெரும்பாலான தாக்குதல்கள் திடீரென எதிர்ப்பட்ட அதிர்ச்சியில், குட்டியையோ கிடைத்த இரையையோ காக்கும் வேகத்தில் நடப்பவை என்பதால், நாம் வருவதை அதற்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவதே முதல் பாதுகாப்பு. கூட்டமாக நடங்கள், ஓடையின் இரைச்சல் உள்ள இடத்திலும் வளைவுகளிலும் உரத்துப் பேசுங்கள், கை தட்டுங்கள். காலில் கட்டும் சிறு மணிகளின் ஓசை போதாது. அண்டங்காக்கைகள் ஓரிடத்தில் வட்டமிட்டாலோ அழுகிய வாடை வந்தாலோ அங்கே செத்த விலங்கு இருக்கலாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கரடியைக் கண்டால் ஓடாதீர்கள். அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள். கரடியை விரட்டத் தெளிக்கும் பேர் ஸ்ப்ரே இடுப்பிலோ மார்பிலோ இருக்க வேண்டும். முதுகுப் பைக்குள் இருந்தால் அந்த நொடியில் எட்டாது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின்தான் அதன் மருந்து. அலாஸ்கா சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வொன்றில், பழுப்புக் கரடிகளின் மீது அது 92 சதவீதம் பலனளித்தது தெரியவந்தது. பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றி, பாய்ந்து வரும் கரடிக்கு முன்னால் சற்றுத் தாழ்வாகக் குறிவைத்து, ஏழெட்டு மீட்டர் தொலைவில் அடிக்க வேண்டும். கொசு மருந்தைப்போல உடம்பிலும் கூடாரத்திலும் பூசிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது பயன் தராது என்பதோடு, காய்ந்த மிச்சத்தின் வாடை கரடியை இழுக்கவும் கூடும். விமானத்தில் இதைக் கொண்டுவர முடியாது, இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரினுள் விட்டுவைத்தால் வெடிக்கலாம். திடுக்கிட்ட கிரிஸ்லி உண்மையிலேயே மேலே பாய்ந்துவிட்டால், முதுகுப் பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, இரு கைகளாலும் பிடரியைக் கோத்து மூடிக்கொண்டு, அது போகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். இரவில் கூடாரத்துக்குள் நுழையும் கரடியோ, விடாமல் பின்தொடர்ந்து வந்து தாக்கும் கரடியோ வேறு வகை. அப்போது கிடைத்ததைக் கொண்டு முழு பலத்தோடு எதிர்த்துப் போராடியே ஆக வேண்டும்.

நம் குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம், அதை விட வேண்டாம். புளியோதரைப் பாத்திரம், ஊறுகாய் பாட்டில், எண்ணெய் டப்பா, குழந்தையின் பால் புட்டி, பற்பசை, சாப்பிட்டுக் கழுவாத தட்டு, காலியான ஐஸ் பெட்டி ஆகிய எல்லாமே கரடியின் மூக்குக்கு உணவுதான். தங்கும் முகாமில் இவற்றில் ஒன்றுகூட மேசைமீது இருக்கக் கூடாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ முகாமின் இரும்புப் பெட்டிக்குள்ளோ இருக்கட்டும். தொட்டி நிரம்பியிருந்தால் குப்பையைக் கல்கரிக்கே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.

கரடியைப் பார்த்ததாகச் சொன்னால் அதைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. நடைமுறையில், முதல் நாளே தகவல் வந்தால் எங்களால் பாதையை மூட முடியும், கரடியைச் சத்தத்தாலும் ரப்பர் குண்டாலும் விரட்ட முடியும், அதை அங்கே இழுத்த பழத்தையோ குப்பையையோ அன்றே அகற்ற முடியும். பத்து நாள் கழித்து, அது நாலு வீட்டுக் குப்பையைத் தின்று பழகிய பிறகு வரும் அழைப்பில் எங்களுக்கு இந்த வழிகளில் பெரும்பாலானவை இருப்பதில்லை.