புராக்ஸிமல் ஹியூமரஸ் ஃபிராக்சர்

பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றி விழும் வயதானவர்களின் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் பெயர் இது.

ஹியூமரஸ் என்பது தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள ஒற்றை எலும்பு. லத்தீனில் 'உமெரஸ்' என்றால் தோள். பிறகுதான் எலும்பின் பெயரானது. நம் 'தோள்' கூட இடம் மாறிய சொல்தான். பழம்பாடல்களின் 'வேய்த்தோள்' மூங்கில் போன்ற கை. கன்னடத்தில் அந்தப் பொருள் இன்னும் புழங்குகிறது: 'தோளு' என்றால் கை, தோளுக்கு 'புஜ'. நமக்கோ புஜம் மேற்கை! அல்சூர் தமிழர் ஒருவர் பெங்களூரு நர்ஸிடம் "தோளு நோவு" என்றால், நர்ஸ் கையைத்தான் பிடித்துப் பார்ப்பார்.

புராக்ஸிமல் என்றால் உடலின் நடுப்பகுதிக்குக் கிட்டத்தில் உள்ளது. இதை 'அண்மை' என்று பெயர்ப்பதுண்டு. எனக்கு உடன்பாடில்லை, 'அண்மை முறிவு' என்றால் போன வாரம் முறிந்தது என்றல்லவா படும்? மேற்கை எலும்பின் தோள்முனை முறிவு என்பதே தெளிவு.

இந்த முனையை உருண்டைத் தலை, பெரிய புடைப்பு, சிறிய புடைப்பு, தண்டு என நான்காகப் பிரிப்பார்கள். அமெரிக்க எலும்பு டாக்டர் சார்லஸ் நீர் 1970இல் வகுத்த கணக்குப்படி, ஒரு பகுதி 1 செ.மீ.க்கு மேல் விலகினாலோ 45 பாகைக்கு மேல் சாய்ந்தாலோதான் அது தனித்துண்டு. மூன்று, நான்கு துண்டானால் சிக்கல். அதிகம் விலகாத முறிவுக்கு ஆபரேஷன் வேண்டாம். ஸ்லிங்கும் பிசியோதெரபியும் போதும்.

ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் லாக்கிங் பிளேட்: ஸ்க்ரூவின் தலை தகட்டிலேயே மரையேறிப் பூட்டிக்கொள்வதால் தேய்ந்த எலும்பிலும் ஓரளவு பிடிக்கும். எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் அறுந்திருந்தால் அது பின்னால் செத்துப்போகலாம். அதனால் முதியவர்களுக்குச் சில நேரம் மூட்டையே மாற்றுகிறார்கள். அதுதான் 'ரிவர்ஸ் ஷோல்டர்'. பிரான்ஸின் பால் கிராமோன் 1980களில் உருவாக்கியது. இயல்பான மூட்டுக்கு நேர்மாறாக, பந்து தோள்பட்டை எலும்புக்கும் கிண்ணம் கை எலும்புக்கும் போய்விடும். உள்தசைநார்கள் பழுதானாலும் தோளின் வெளித்தசையே கையைத் தூக்கும். தமிழில் 'இடம்மாற்றுத் தோள்மூட்டு' எனலாம். 'தலைகீழ்' மட்டும் வேண்டாம். கையைத் திருப்பி வைத்துவிடுவார்களோ என்று பாட்டி கையெழுத்தே போடமாட்டார்.