பழைய பம்ப் ஷாட்கன்: உள்ளே தேய்வது எது, மாற்றவேண்டியது எது?

பம்ப் ஷாட்கன்னில் ஒரு தோட்டா சுட்டு அடுத்தது குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் போவதற்கு ஏழெட்டு வேலைகள் வரிசை பிசகாமல் நடக்கவேண்டும். அத்தனைக்கும் சக்தி தருவது முன்பிடியைப் பிடித்திருக்கும் கைதான். பிடியைப் பின்னுக்கு இழுத்ததும், அறையின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டின் பூட்டு விடுபடுகிறது. போல்ட் முகத்தில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி, சுட்ட தோட்டாவின் விளிம்பைக் கவ்வி உருவுகிறது. எஜெக்டர் அதை வெளியே தட்டிவிடுகிறது. பின்னுக்கு வரும் போல்ட் சுத்தியலையும் சாய்த்துக்கொண்டே வர, அது விசையை (டிரிகரை) அழுத்தும்வரை சியர் என்ற சின்ன விளிம்பில் மாட்டி நிற்கிறது. குழலுக்குக் கீழே உள்ள குழாய் மேகசினிலிருந்து ஒரே ஒரு தோட்டா நழுவி லிஃப்டர் மேல் வந்து உட்காருகிறது. பிடியை முன்னுக்குத் தள்ளினால் லிஃப்டர் எழுந்து தோட்டாவைத் தூக்கிக் காட்டும், போல்ட் அதை அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும்.

கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1880-களில் இந்த வகைத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897, அப்புறம் 1912-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 12, 1950-இல் வந்த ரெமிங்டன் 870 எல்லாம் அதே அடிப்படையின் தொடர்ச்சிதான். இவற்றில் பல இன்றும் வேலை செய்கின்றன. ஷாட்கன்னில் வாயு அழுத்தம் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். 12 கேஜ் என்ற குழல் அளவுக்கான வழக்கமான தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு; .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அது 60,000. ஆகவே ஷாட்கன்னில் வெடிப்பின் அழுத்தத்தைவிட அசைவும் உரசலும் அழுக்குமே பாகங்களை அதிகம் தின்கின்றன.

முதலில் ஸ்பிரிங்குகளைப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய பாகம் இது ஒன்றுதான். மேகசினைப் பல வருடம் நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்பார்கள். அதில் பாதி உண்மை. எஃகு அதன் மீள்தன்மை எல்லைக்குள் அழுத்தப்பட்டிருக்கும்வரை அறை வெப்பநிலையில் மிக மெதுவாகத்தான் தளரும். அந்த எல்லையை ஒட்டி அழுத்தப்படும் ஸ்பிரிங்கில், ஒவ்வொரு முறையும் உலோகத்தின் படிக அடுக்குகள் கொஞ்சம் நழுவி அப்படியே நின்றுவிடும். நாளடைவில் நீளம் குறைகிறது, கடைசித் தோட்டாவைத் தள்ளும் வலு போய்விடுகிறது. துரு பிடித்தால் இன்னும் மோசம்: ஒவ்வொரு துருப்புள்ளியும் விரிசல் தொடங்க ஓர் இடம். நீளம் குறைந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிடுவது வீண் வேலை. உலோகத்தை இன்னொரு முறை எல்லை மீற வைக்கிறோம். பார்க்க நீளமாக இருக்கும், சீக்கிரமே மறுபடி சுருங்கிவிடும்.

சுட்ட தோட்டா வெளியே வராமல் அடம்பிடித்தால் பழி உடனே எக்ஸ்ட்ராக்டர் மேல் விழுகிறது. கொக்கியின் முனை உருண்டு போயிருந்தாலோ, அதை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அது நியாயமான பழிதான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அறையின் சுவர். துருவோ, கரியோ, உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கோ இருந்தால் வெடிப்பில் விரிந்த தோட்டா அங்கே பிடித்துக்கொள்ளும். விலை குறைந்த தோட்டாக்களில் அடிப்பகுதி பித்தளையாக இல்லாமல் எஃகாக இருப்பதுண்டு. பித்தளை அளவுக்கு அது திரும்பச் சுருங்குவதில்லை, அதனால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். அறையைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் புது எக்ஸ்ட்ராக்டர் போட்டால், அந்தப் புதுக் கொக்கி தோட்டாவின் விளிம்பையே கிழித்துக்கொண்டு வரும்.

சுத்தியல் விழுந்தும் வெடிக்காத தோட்டாவிலும் இதே கதைதான். சுத்தியல் ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன்னால் போல்ட்டுக்குள் ஃபயரிங் பின், அதாவது தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி, ஓடும் துளையைப் பாருங்கள். பல காலத்து எண்ணெய் அரக்காக இறுகி, பின்னின் வேகத்தைத் தின்றுகொண்டிருக்கலாம்.

மேகசின் வாயில் தோட்டாக்களைத் தடுத்து வைக்கும் இரண்டு நிறுத்திகளைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒன்று முதல் தோட்டாவைத் தடுத்து உரிய நேரத்தில் விடுகிறது; மற்றது அந்தக் கணத்தில் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறது. தோட்டா விளிம்பு ஒவ்வொரு முறையும் இவற்றின் நுனியில் வந்து இடிப்பதால் அங்கே மெல்ல உருண்டுவிடும். அப்புறம் இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக வந்து விழுந்து இயக்கமே இறுகிப் போகும். ரெமிங்டன் 870-இல் இந்த நிறுத்திகள் ரிசீவர் என்ற உடல்பெட்டியின் சுவரில் உலோகத்தை அடித்து மடக்கி நிறுத்தப்பட்டவை. மாற்றவேண்டுமானால் பழையதை எடுத்துவிட்டு உலோகத்தை மறுபடி அடித்து மடக்கவேண்டும். கொஞ்சம் அதிகம் அடித்தால் நிறுத்தி அசையாது, கொஞ்சம் குறைந்தால் ஆடும்.

உண்மையில் கஷ்டம் தருவது சியரும் சுத்தியலும்தான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசி உரசித் தங்களுக்குள் ஓர் ஒத்திசைவுக்கு வந்திருக்கும். பழைய பூட்டின் உள்ளே தேய்ந்த வழியைத் தேய்ந்த சாவிதான் அறியும் என்பது மாதிரி, தேய்ந்த சியரோடு பழகிய சுத்தியலில் புது சியரை வைத்தால் இரண்டும் ஒரு நுனியில் மட்டும் தொடலாம். தொடும் பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும், தேய்மானம் வேகமெடுக்கும். அரத்தை எடுத்துச் சரிசெய்யத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. இத்தகைய பாகங்கள் பலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும், உள்ளே மென்மையான எஃகு. அந்த மெல்லிய தோலை ராவிவிட்டால் விசை அன்றைக்கு வழுவழுப்பாக இருக்கும். கொஞ்ச நாளில் மென்மையான உள்பகுதி மடங்கி, துப்பாக்கியைக் கீழே வைக்கும் அதிர்விலேயே சுத்தியல் நழுவலாம். இந்த ஒரு வேலையைத் தேர்ந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) விடுங்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. விசையை அழுத்தியபடியே பம்ப் செய்தால், போல்ட் மூடியதும் தானே வெடிக்கும் பழைய துப்பாக்கிகள் இருக்கின்றன. வின்செஸ்டர் 1897-உம் மாடல் 12-உம் அப்படித்தான். விசையைச் சுத்தியலிலிருந்து துண்டிக்கும் பாகம் அவற்றில் இல்லவே இல்லை. தேய்மானம் என்று எண்ணி சியரை மாற்றிப் பயனில்லை. அதே நடத்தையை 870 காட்டினால் மட்டும் உடனே கீழே வைத்துவிடுங்கள், அது பழுது.

மாடல் 12-ஐ வடிவமைத்தவர்கள் தேய்மானத்தை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அதன் குழலைக் கழற்றி மாட்டலாம். கழற்றி மாட்டி மாட்டி இணைப்பு தளர்ந்தால், அங்குள்ள ஒரு வளையத்தை அடுத்த பல்லுக்குத் திருப்பி வைக்க, ஆட்டம் போய்விடும். இன்றைய துப்பாக்கிகளில் எனக்குக் கிடைக்காத சந்தோஷம் இது.

பூட்டும் பாகம் தேய்ந்தால் போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்புக்கும் இடையே இடைவெளி கூடும். ஹெட்ஸ்பேஸ் என்று சொல்லும் இதைக் கண்ணால் கணிக்க முடியாது. அளவுகட்டைகளை அறையில் வைத்து, சின்னதின் மேல் போல்ட் மூடுகிறதா, பெரியதின் மேல் மூடாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். இடைவெளி கூடினால் ஃபயரிங் பின் பட்டும் படாமலும் அடிக்கும், தோட்டா அடி பின்னுக்கு உதைக்கும். 870-இல் பூட்டுக்கட்டை தனியாக மாற்றக்கூடிய பாகம் என்பதால் இது தீராத நோய் இல்லை.

சரி, மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும்? 870-க்கு ஒன்றும் சிரமம் இல்லை. மாடல் 12-இன் வழக்கமான உற்பத்தி 1964-இல் நின்றுபோனது, கிடைப்பவை பெரும்பாலும் கலைத்த துப்பாக்கிகளின் உறுப்புகள். வேறொரு துப்பாக்கியோடு பழகித் தேய்ந்தவை. இத்தகா 37 என்ற இன்னொரு பம்ப் ஷாட்கன்னில் 855,000 வரிசை எண்ணுக்கு முற்பட்டதாக இருந்தால் குழலைக்கூட அப்படியே மாட்ட முடியாது, பொருத்திப் பார்த்துச் சரிசெய்யவேண்டும். எந்தப் பாகத்தைப் போட்டாலும், வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை மேகசினில் நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும் பலமுறை பம்ப் செய்து பார்த்த பிறகுதான் உண்மையான தோட்டா உள்ளே போகவேண்டும்.