வைரத்தைப் பவுன் கணக்கில் வாங்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றுவது இப்போது பரவலாகிவிட்டது. ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெங்களூருவில் பார்த்ததை வீட்டில் கேட்கிறார்கள். ஒற்றைக் கல் வேண்டும், அதுவும் பெரிய கல்லாக வேண்டும். ஒரு கேரட், ஒன்றரை கேரட், சில வீடுகளில் இரண்டு (வைரத்தில் கேரட் என்பது எடை, தங்கத்தின் தரத்தைச் சொல்லும் கேரட் அல்ல). நகை மதிப்பீடும் கல் பரிசோதனையும் என் தொழில். வாங்கிய பிறகு கொண்டுவந்து காட்டுபவர்களே என்னிடம் அதிகம். வாங்கும் முன் கேட்டிருந்தால் இவர்களில் பலருக்குப் பெரிய தொகை மிஞ்சியிருக்கும்.

நம் குடும்பங்களுக்குத் தங்கம் வாங்கத் தெரியும். இன்றைய ரேட் என்ன, எத்தனை பவுன், செய்கூலி சேதாரம் எவ்வளவு என்று நுணுக்கமாகக் கேட்பார்கள். அதே கணக்கை வைரத்துக்கும் போடும்போதுதான் பணம் போகிறது. இரண்டு பவுன் தங்கம் ஒரு பவுனைப் போல இரண்டு மடங்கு விலை, அவ்வளவுதான். இயற்கை வைரத்தில் பெரிய கல் அரிது என்பதால், ஒரே தரத்தில் இரண்டு கேரட் கல்லின் விலை ஒரு கேரட் கல்லைப் போல மூன்று மடங்கைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் விரலில் அது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியாது. நன்றாக வெட்டிய ஒரு கேரட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மி.மீ.; இரண்டு கேரட் கல்லுக்கு 8.1 மி.மீ. அளவுதான்.

இன்னொன்று. 1.00, 1.50, 2.00 என்ற எண்களைத் தொட்டதும் விலை குதிக்கும். 90 சென்ட் கல்லையும் 100 சென்ட், அதாவது ஒரு கேரட் கல்லையும் மோதிரத்தில் பதித்து வைத்தால் சம்பந்தி வீட்டில் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் 90, 95 சென்ட், அல்லது 1.40, 1.90 கேரட் கற்களைக் கேட்டுப் பாருங்கள். கடையில் தயாராக இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள்.

எடையைவிட முக்கியம் வெட்டு, அதாவது கல்லைப் பட்டை தீட்டிய விதம். கல்லுக்கு மினுமினுப்பைத் தருவது அதுதான். பட்டை தீட்டுபவர் எடையைக் காப்பாற்றுவதற்காகக் கல்லின் அடிப்பக்கத்தை ஆழமாக விட்டுவிடுவது உண்டு. அந்தக் கல் தராசில் ஒன்றரை கேரட் காட்டும். முகப்பில் 7 மி.மீ. தான் இருக்கும், அதாவது ஒன்றேகால் கேரட் கல்லின் தோற்றம். மிச்சக் கால் கேரட்டுக்குக் கொடுத்த பணம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒன்றரை கேரட் வட்டக் கல் என்றால் 7.3, 7.4 மி.மீ. இருக்க வேண்டும். வட்டக் கல்லில் வெட்டுக்கு ‘எக்ஸலன்ட்’ என்று, கல்லைச் சோதித்த ஆய்வகம் தரும் அறிக்கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறத்திலும் தெளிவிலும் (கல்லுக்குள் குறை எவ்வளவு என்பது) ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, வெட்டில் இறங்க வேண்டாம். நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்தால் தரம் பிரிப்பார்கள், டி தான் நிறமே இல்லாத கல். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் எச், ஐ நிறக் கல்கூட வெள்ளையாகவே தெரியும். டி, இ நிறத்துக்குக் கூடுதல் பணம் கொட்டத் தேவையில்லை. வெள்ளைத் தங்கத்தில் கொஞ்சம் மேலே போகலாம்.

கடை விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும், அந்த விளக்கு அதற்காகவே போட்டது. கல்லை வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அடுத்தது ஆய்வகத்தில் வளர்த்த வைரம். இதில்தான் இப்போது குழப்பம் அதிகம். இது அமெரிக்கன் டைமண்ட் அல்ல. அது க்யூபிக் சிர்கோனியா என்ற வேறு பொருள். ஆய்வக வைரம் நிஜமான கார்பன் வைரமே. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் பாறையை அறுக்கும் வயர் சா என்ற கம்பி ரம்பத்தில் இருப்பதும் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த வைரத் துகள்தான். 1954-இல் அமெரிக்காவில் நம்பகமாகச் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. நகைக் கடைகளில் சி.வி.டி., எச்.பி.எச்.டி. என்று சொல்வது இதைத்தான், அவை வைரத்தை வளர்க்கும் இரண்டு முறைகளின் பெயர்கள்.

இந்தக் கல்லை வாங்குவது தவறே இல்லை. அழகான பெரிய கல் வேண்டும், கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் நானே இதைத்தான் சொல்வேன். ஆனால் இதன் விலை சில வருடங்களாகப் பெரிய அளவில் இறங்கியிருக்கிறது, திரும்ப விற்றால் கிடைப்பதும் மிகச் சொற்பம். ஆய்வக வைரத்தை இயற்கை வைரத்தின் விலைக்கு வாங்குவதுதான் உண்மையான நஷ்டம். கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து ‘பீப்’ என்று சத்தம் வரவைத்துக் காட்டுவார்கள். அந்தக் கருவி இரண்டு வைரத்துக்கும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். வெப்பத்தை மட்டும் சோதிக்கும் கருவி என்றால் வைரம் மாதிரியே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் சத்தம் வரும். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆதாரம் அறிக்கைதான். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற, கல்லைச் சோதித்துத் தரம் சொல்லும் ஆய்வகங்களின் அறிக்கையைக் கேளுங்கள். கடை தன் பெயரில் அச்சடித்துத் தரும் அட்டை போதாது. அறிக்கையின் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு, கடையில் இருக்கும்போதே போனில் சரிபாருங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில் அதே எண்ணை லேசரில் பொறித்திருக்கிறார்களா என்று பத்து மடங்கு லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். ஐ.ஜி.ஐ. அறிக்கை எண் எல்.ஜி. என்று தொடங்கினால் அது ஆய்வகத்தில் வளர்ந்த கல்.

ஹால்மார்க் முத்திரையும், அதோடு நகைக்கு நகை தனியாகப் பொறிக்கும் எச்.யு.ஐ.டி. எண்ணும் தங்கத்துக்கு மட்டுமே பொறுப்பு, வைரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. பில்லில் கல் இயற்கையா ஆய்வகமா, அறிக்கை எண், கேரட், கல் நீக்கிய தங்க எடை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஒரு கேரட் 0.2 கிராம். இரண்டு கேரட் கல்லோடு சேர்த்து எடை போட்டுத் தங்க விலை வாங்கினால் 0.4 கிராம் தங்கத்துக்கு வீணாகக் கொடுக்கிறீர்கள்.

விவசாயக் குடும்பங்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். விதைக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசரம் என்றால் நாம் நகையைத்தான் அடகு வைக்கிறோம். அங்கே கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன் கொடுப்பார்கள். மூன்று லட்ச ரூபாய் மோதிரமாக இருந்தாலும் அதிலுள்ள நான்கைந்து கிராம் தங்கம்தான் கணக்கு. இயற்கை வைரத்தையும் வாங்கிய விலைக்குத் திரும்ப விற்க முடியாது. கடையே திரும்ப வாங்கிக்கொள்ளும் பை-பேக் எத்தனை சதவீதம், பணமாகவா நகையாகவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேமிப்பு என்று நினைத்து வாங்குவதாக இருந்தால், கல்லைச் சின்னதாக்கி மீதிப் பணத்தில் தங்கக் காசு எடுத்துவிடுங்கள்.

வைரம் ஒத்துக்கொள்ளுமா என்று பெரியவர்கள் சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்க விரும்புவார்கள். அது குடும்பத்தின் நம்பிக்கை, அதை மதிக்க வேண்டும். அதற்குத் தேவையான நாட்களைத் திருப்பித் தரும் கெடுவோடு சேர்த்து முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பெண் என்ன வேலை செய்கிறார் என்பதையும் பாருங்கள். ஓசூர் தொழிற்சாலையில் கையுறை போட்டு வேலை செய்பவருக்கு உயரமாக நிற்கும் கல் தொந்தரவு, துணியிலும் மாட்டும். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டிய மோதிரம், அல்லது தாழ்வாகப் பதித்து ஆறு பிராங் (கல்லைப் பிடிக்கும் கொக்கி) வைத்தது நல்லது. வைரத்தில் எளிதில் கீறல் விழாது, ஆனால் ஓரத்தில் பலமாக அடிபட்டால் பிளக்கும். சதுரக் கல்லின் மூலைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

வருடத்துக்கு ஒருமுறை பிராங் தளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள். பாலிஷுக்கோ அளவு மாற்றவோ கொடுக்கும்போது, உங்கள் கண் முன்னே லென்ஸில் விளிம்பு எண்ணைப் படிக்கச் சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போதும் அதே எண்தானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.