பள்ளியை விழுங்கிய பல்லி

"நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கதையை அனுப்பினேன். அச்சில் வந்ததும் முதல் பக்கத்திலேயே பிழை. எப்படி சார் கண்ணில் படாமல் போகும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எனக்கும் நடந்திருக்கிறது. என் கதையில் ஒரு பையன் காலையில் குளித்துவிட்டு, சீருடை போட்டுக்கொண்டு, பல்லிக்குப் போனான். இதழ் வந்த அன்றே அத்தை மகன் ஃபோன் செய்தான்: "பல்லி எந்தப் பக்கம்டா விழுந்துச்சு?"

படிக்கும்போது கண் வரியின்மேல் சீராக வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓர் இடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், அப்புறம் தாவும். தாவும் நேரத்தில் எதையும் படிக்க முடியாது. நிற்கும்போதும் கூர்மையாகத் தெரிவது, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கும் அளவு இடம்தான்.

1975இல் ஜார்ஜ் மெக்கோங்கி, கீத் ரேனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் அழகான வித்தை செய்தார்கள். படிப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்று கருவி கவனித்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைச் சுற்றி, ஒரு சின்ன ஜன்னல் திறந்த மாதிரி, கொஞ்சம் மட்டும் உண்மையான எழுத்துகள். மீதி வரி முழுக்க 'எக்ஸ்' குறிகள். கண் தாவினால் ஜன்னலும் கூடவே தாவும். பக்கத்தில் நிற்பவருக்கு, எக்ஸ் காட்டுக்குள் ஏதோ குதித்து ஓடுவது மாதிரி இருக்கும். படிப்பவரோ, ஜன்னல் போதிய அகலம் இருந்தால், வழக்கமான வேகத்தில் படித்துக்கொண்டே போவார்! ஆங்கிலத்தில் அந்த அகலம் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினைந்து எழுத்து வரை. வலமிருந்து இடமாகப் படிக்கும் ஹீப்ருக்காரர்களுக்கு ஜன்னல் அப்படியே திரும்பிக்கொள்கிறது.

அடுத்து வரப்போவது ஊகிக்கக்கூடிய சொல் என்றால் கண் பல சமயம் அதன்மேல் நிற்காமலே தாண்டிவிடும். சரி, எழுதியவருக்கு ஊகிக்க முடியாத சொல் எது? எல்லாமே அவர் போட்டதுதானே. 'சீருடை' என்றதுமே 'பள்ளி' என் மண்டையில் தயாராக இருந்தது. தாளில் இருப்பதைச் சரிபார்க்கக் கண்ணுக்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு, என் வாயில் லகரமும் ளகரமும் ஒன்றுதான்.

மேலே சொன்ன எழுத்துக் கணக்கெல்லாம் ஆங்கிலத்துக்கு. 'சொல்லிக்கொண்டிருந்தவளைப்' போன்ற நீளமான சொல்லில் நம் கண் எங்கே நிற்கும், எத்தனை தடவை நிற்கும்? பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கத்தில் வருஷா வருஷம் இடம் ஒதுக்குகிறோம். இதை அளக்க ஓர் ஆய்வகத்தில் ஒரு மூலையும் கொஞ்சம் பணமும் ஒதுக்கினால் குறைந்தா போய்விடுவோம்?

அச்சகங்களில் முன்பு மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் பென்சிலோடு அச்சுத்தாளைப் பார்ப்பார். தனியாக இருக்கும் நான் எழுத்துருவை மாற்றி அச்செடுத்து, வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து, கடைசி வாக்கியத்திலிருந்து மேலே ஏறுவேன். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் பார்த்தேன். அத்தை மகனுக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஃபோன் வரவில்லை.