வாடகை வீடென்றால் பின்கதவைக் கவனிக்கக் கூடாதா?

லண்டன் ஹாரோவில் போன கிழமை பார்த்த வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. தோட்டத்துப் பக்கம் இருந்த பழைய அலுமினியப் பேட்டியோ கதவை, அதாவது பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவை, தண்டவாளத்திலிருந்து தூக்கிக் கழற்றி, வேலியோடு சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டின் கொக்கி பூட்டிய நிலையிலேயே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கிய நகை முழுவதும் போய்விட்டது.

“வாடகை வீடுதானே தம்பி, நாங்கள் என்னெண்டு கதவில கை வைக்கிறது?” என்றார் அந்த அம்மா. பூட்டு வேலைக்குப் போகும் வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கதவு வீட்டுக்காரருடையது, சரி. அலுமாரிக்குள் இருக்கும் நகை யாருடையது? வீட்டுக்காரரின் காப்புறுதி கட்டடத்துக்குத்தான். உங்கள் பொருளுக்குச் சல்லிக்காசும் தராது. ஒப்பந்தத்தில் “துளை போடக் கூடாது” என்று இருந்தால், அதை “ஒன்றுமே செய்யக் கூடாது” என்று ஏன் வாசிக்கிறீர்கள்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெளிக்கதவின் பூட்டுப் பழுதானால் திருத்தித் தருவது அவருடைய கடமை. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். புதிதாக ஒரு பூட்டுப் போடுவது மட்டும் அவருடைய விருப்பம். அதற்கும் எழுத்தில் கேளுங்கள். செலவு என்னுடையது என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள்.

பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. நகரும் கதவை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நன்றாக எழும்பினால் கள்ளனுக்கும் எழும்பும். பல கதவுகளின் கீழ் ஓரத்தில், சின்னப் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், உருளையைச் சரிசெய்யும் திருகாணி இருக்கும். திருப்புளியால் அதைத் திருகிக் கதவை உயர்த்தினால் மேலே உள்ள இடைவெளி குறையும். கதவு உரசாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பழைய தும்புத்தடியின் கம்பை அளவாக அறுத்துத் தண்டவாளத்தில் இறுக்கமாகப் படுக்க வையுங்கள். நகரும் கதவு உட்பக்கம் ஓடினால்தான் இது உதவும். வெளிப்பக்கம் ஓடினால் தடியும் வெளியே கிடக்கும்; கள்ளனே எடுத்துப் போட்டுவிடுவான். தடி கதவு நகர்வதைத்தான் தடுக்கும், தூக்குவதைத் தடுக்காது. இரண்டையும் செய்யுங்கள்.

இரட்டைக் கதவென்றால், பூட்டும்போது கைப்பிடியை உயர்த்தினால் மட்டும் போதாது, திறப்பையும் திருப்ப வேண்டும். சிலிண்டர், அதாவது திறப்பை நுழைக்கும் துண்டு, கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதை முறிப்பது சுலபம். சுலபமாக முறிக்க முடியாத, TS 007 தரத்தில் மூன்று நட்சத்திரம் பெற்ற சிலிண்டர் போடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஒரே ஒரு திருகாணியில் நிற்கும் சாமான் அது. உங்களுக்கு முன்பு இருந்தவர்களிடம் எத்தனை திறப்பு இருக்கிறதோ, அந்தக் கவலையும் தீரும். புதியதில் ஒரு திறப்பை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். பழைய சிலிண்டரை எறியாமல் வைத்திருந்து, வீடு மாறும்போது திரும்பப் பொருத்திவிட்டுப் போங்கள்.

மண்வெட்டியும் ஏணியும் தோட்டத்தில் கிடக்கவே கூடாது.

தயவுசெய்து திறப்பைக் கதவிலேயே விடாதீர்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் தெரிகிற ஆணியிலும் தொங்கவிடாதீர்கள். அதற்காக மாடியில் ஒளித்தும் வைக்காதீர்கள். இரவில் நெருப்புப் பிடித்தால் அந்தக் கதவால்தான் ஓட வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத, ஆனால் வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்த, கைக்கு எட்டும் ஓர் இடத்தில் வையுங்கள்.