பக்கத் தெருவில் மாயமான கார்கள்

சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் போக்குவரத்துப் பொறியியல் நடத்துகிறேன். டிரைவர் இல்லாத கார், கூட்டத்தைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல் என்று புதிதாக வருவதையெல்லாம் பல வருடங்கள் வீடியோ போட்டுத்தான் விளக்கினேன். ரசித்துப் பார்ப்பார்கள், பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள். ஆனால் ஒருவரிடமிருந்தும் கேள்வி வராது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த வகுப்புகளைக் கம்ப்யூட்டர் லேபில் நடத்துகிறேன். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001-இல் வெளியிட்ட சுமோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். சாலையில் வண்டிகள் ஓடுவதைத் திரையில் நடத்திக் காட்டும் மென்பொருள் அது. இலவசம், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து கல்லூரிக்குப் பக்கத்துச் சாலைகளை இறக்கி, இடதுபக்கப் போக்குவரத்து என்று குறித்துவிட்டால் தினமும் பஸ்ஸில் வரும் ரோடு திரையில் வந்துவிடும்.

ஒரே ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். ஓடவிடும் முன்பு, என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். தப்பாக எழுதியவருக்கு மார்க் குறையாது. ஏன் தப்பானது என்று கண்டுபிடித்தால் கூடும்.

போன பருவத்தில் ஒரு மாணவன் மெயின் ரோட்டுக் கார்கள் எல்லாவற்றையும் டிரைவர் இல்லாத கார்களாக மாற்றினான். முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவே மென்பொருள் தானாக வைப்பது 1 விநாடி இடைவெளி. அதை அரை விநாடியாக்கி, அதற்குத் தக்கபடி நேரப்படியையும், அதாவது மென்பொருள் எத்தனை விநாடிக்கு ஒருமுறை வண்டிகளின் நிலையைக் கணக்கிடுகிறது என்பதையும், குறைத்திருந்தான். அதுவரை சரி. மெயின் ரோட்டில் வண்டிகள் சரசரவென்று போயின, சிக்னல் இல்லாத பக்கத் தெருவிலும் வரிசை பெரிதாக நிற்கவில்லை. "நெரிசலே இல்லை சார்" என்றான். தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தான்.

"தம்பி, பக்கத் தெருவில் முதலில் நிற்கிற அந்தக் காரை மட்டும் பார்" என்றேன். நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் திடீரென்று இல்லை!

சுமோவில் ஒரு வண்டி வழி கிடைக்காமல் 300 விநாடி நின்றால், மென்பொருளே அதைத் தூக்கிப் பாதையில் முன்னால் இடமுள்ள இடத்தில் வைத்துவிடும். மொத்த ஓட்டமும் முடங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வரி வரும். அவன் திரையில் அது வரிவரியாக வந்திருக்கிறது, யாரும் படிக்கவில்லை. கார்கள் நெருங்கி ஓடியதால் மெயின் ரோட்டில் நுழைய இடைவெளியே இல்லை. நெரிசல் தீரவில்லை, பக்கத் தெருவுக்கு இடம் மாறியிருந்தது.

கொஞ்ச நேரம் லேப் அமைதியாக இருந்தது. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்ப ரோட்டைக் கடக்கிறவங்க எப்படி சார் போவாங்க?" என்று கேட்டாள். இத்தனை வருட வீடியோவில் வராத கேள்வி.

இதைச் சக ஆசிரியர்களுக்காகவே எழுதுகிறேன். திரையில் வண்டி ஓடுகிறது என்பதற்காக அது நம் ரோடு ஆகிவிடாது. அந்த மென்பொருள் தானாக வைத்துக்கொள்ளும் ஓட்டுநர் லேன் பிடித்து ஒழுங்காகப் போகிறவர். நம் ஊரில் ஒரு கார் விடும் இடத்தில் இரண்டு டூவீலரும் ஒரு ஆட்டோவின் மூக்கும் நுழையும். ஒரே லேனுக்குள் வண்டிகள் பக்கவாட்டில் நெருங்கி ஓடும்படி அமைக்க சுமோவில் வழி இருக்கிறது. அதைப் போட்டே ஆக வேண்டும். வண்டி எண்ணிக்கையையும் மாணவர்களே சந்திப்பில் நின்று எண்ணி வரட்டும். காலை நேரத்தில் கால் மணி நேரத்துக்கு ஒரு தாள், ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு. விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவியைவிடவும் இந்தப் பழைய முறையில்தான் அவர்கள் ரோட்டைக் கவனிக்கப் பழகுகிறார்கள்.

அடுத்த வாரம் அந்த மாணவனும் மாணவியும் சேர்ந்தே சந்திப்புக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த தாளில் கார், பஸ், டூவீலர் கட்டங்களுக்குப் பக்கத்தில் பேனாவால் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்: நடந்து கடப்பவர்கள்.