குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வரும் ‘டக்’ ஓசை

விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்ரஸர் ஓடவில்லை. பெட்டியின் பின்புறத்திலிருந்து சில நொடிகளுக்கு ஒருமுறை ‘டக்’ என்று ஓர் ஓசை மட்டும் வருகிறது. வந்து பார்த்த மெக்கானிக், பெட்டியை இயக்கும் மின்னணுச் சுற்றுப்பலகையான போர்டு போய்விட்டது என்கிறார். அதில் உண்மையில் எதுதான் போகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போர்டின் வேலை எளியது. வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும் தெர்மிஸ்டர் உள்ளிருக்கும் வெப்பநிலையைச் சொல்கிறது; மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லு அதைப் படித்து, தேவைப்படும்போது ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சை இழுத்துக் கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடுகிறது. தெர்மிஸ்டரைச் சோதிப்பது கடினமன்று: 25 பாகை செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும் வகையானது, உருகும் பனிக்கட்டி நீரில் வைத்தால் ஏறத்தாழ 30 கிலோ ஓம் காட்ட வேண்டும். ஆனால் தெர்மிஸ்டர் கெட்டால் ரிலே பெரும்பாலும் ஒரே நிலையில் நின்றுவிடுமேயன்றி, நொடிக்கு நொடி அடித்துக்கொள்ளாது. அந்த ஓசை நம்மை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்கிறது.

230 வோல்ட் மின்சாரத்தை ரிலேக்கு வேண்டிய 12 வோல்ட்டாகக் குறைக்கப் பல சிறிய போர்டுகளில் டிரான்ஸ்பார்மர் இருப்பதில்லை. கொழுத்த தீப்பெட்டி போன்ற, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு மின்தேக்கியே (கெப்பாசிட்டர்) அந்தப் பணியைச் செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1 மைக்ரோபாரட் கொள்ளளவுள்ள மின்தேக்கி ஏறத்தாழ 3,200 ஓம் தடைபோல நடந்துகொண்டு, சுமார் 70 மில்லியாம்பியரை மட்டுமே உள்ளே விடும். அங்கே சாதாரண மின்தடையை வைத்திருந்தால் 15 வாட் அளவுக்கு வெப்பம் கொதித்திருக்கும். மின்தேக்கியோ வாங்கிய ஆற்றலை அடுத்த கால் சுழற்சியில் திருப்பிக் கொடுத்துவிடுவதால் சூடாவதேயில்லை.

அதன் உட்புறத்தைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். சில மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலத்தின் மேல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உலோகப் பூச்சு பூசிச் சுருட்டியிருக்கிறார்கள். மின்னழுத்தம் திடீரென எகிறும்போது படலத்தின் பலவீனமான புள்ளியில் பொறி பாய்ந்து துளை விழுகிறது. அதோடு மின்தேக்கி செத்துவிட வேண்டும். ஆனால் அதே பொறி துளையைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத்தை ஆவியாக்கிவிடுவதால், துளை தனித் தீவாகி, மின்சாரம் அதை எட்ட முடியாமல் போகிறது. புண் தானே ஆறிவிட்டது. இழந்ததோ கடுகளவு பரப்பு. ஆண்டுக்கணக்கில் இப்படி ஆயிரம் முறை ஆறியபின், ஈரப்பதமும் பூச்சின் ஓரங்களை அரித்தபின், 1 மைக்ரோபாரட் 0.4 ஆகிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் வீக்கமோ கருகலோ இருக்காது.

இப்போது உள்ளே வருவது 30 மில்லியாம்பியருக்கும் குறைவு. 12 வோல்ட் ரிலேச் சுருள் ஒன்றுக்கே ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். ரிலே இழுக்கிறது, ‘டக்’, மின்னழுத்தம் சரிகிறது, மைக்ரோகன்ட்ரோலர் மயங்கி மீண்டும் தொடங்குகிறது, ரிலே விடுபட்டதும் அழுத்தம் ஏறுகிறது, மறுபடியும் ‘டக்’. விளக்கு தனிச் சுவிட்ச் வழியே நேரடியாக மின்சாரம் பெறும் பெட்டிகளில் அது வழக்கம்போல எரிந்துகொண்டுதான் இருக்கும். இதில் ஏமாற்றும் இடம் ஒன்றுண்டு: ரிலே இழுக்காத வேளையில் அளந்தால் 12 வோல்ட் சரியாகவே இருக்கும், ரிலே இழுக்கும் அந்தக் கணத்தில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவோரையும், பார்த்தவுடன் ‘போர்டு போச்சு’ என்போரையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன். இருவரும் அளந்து பார்ப்பதில்லை.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று, ஏனெனில் மின்சுற்றின் வரைபடம் அவர்கள் கைக்குக் கிடைப்பதே அரிது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது. அந்த வரைபடத்தைப் பொருளோடு சேர்த்தே தர வேண்டும் என்பதை முதல் விதியாக்கலாம் என்பேன்.

ஓர் எச்சரிக்கை. டிரான்ஸ்பார்மர் இல்லாத போர்டில், மைக்ரோகன்ட்ரோலருக்கான 5 வோல்ட் பகுதியும் தெர்மிஸ்டர் கம்பியும்கூட மின்னதிர்ச்சி தரக்கூடியவை. எனவே மின்சாரம் ஓடும்போது அளப்பது பயிற்சி பெற்றவர் வேலை. மற்றவர்கள் பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கியில் தங்கியிருக்கக்கூடிய மின்னேற்றத்தை ஒரு மின்தடை வழியே வடித்து, அதன் ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றியபின் மல்டிமீட்டரில் கொள்ளளவைப் பார்க்கலாம். மேலே 105 என்று அச்சிட்டிருந்தால் 10ஐத் தொடர்ந்து ஐந்து சுழியங்கள், அதாவது பத்து லட்சம் பிக்கோபாரட். அதுவே 1 மைக்ரோபாரட். மீட்டர் 0.9க்கு மேல் காட்டினால் இது குற்றவாளியன்று, அடுத்து ரிலேயின் தொடுமுனைகளையும் பற்றுவைப்பு (சால்டரிங்) வெடிப்புகளையும் பார்க்க வேண்டும். பாதியோ அதற்கும் கீழோ காட்டினால், அதே கொள்ளளவும், வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கத் தக்கது என்பதைக் குறிக்கும் ‘எக்ஸ் 2’ முத்திரையும் உள்ள, தொடர் இணைப்புக்கென்றே செய்யப்பட்ட புதியதொன்றை வைத்தால் போதும். ரிலே ஒரே ஒரு முறை ‘டக்’ என்று இழுத்து, அப்படியே பிடித்துக்கொள்ளும்.